வாடகைக் கடையில் கண்காணிப்புக் கேமரா: பொது இணைய இணைப்பில் பாதுகாப்பாக அமைக்கும் முறை



கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் கடையின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு வியாபாரியின் விருப்பம். முன்பு அதற்கு இரவுக் காவலரும் தெருவிளக்கும் துணை நின்றன. இன்று சிறிய மளிகைக் கடை முதல் மொத்த வியாபாரக் கிடங்கு வரை கண்காணிப்புக் கேமரா வந்துவிட்டது. சென்னை மாநகரக் காவல் துறை 2017-18 காலத்தில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் இயக்கம் நடத்தி, கேமரா வைக்கும்படி வணிகர்களையும் குடியிருப்போரையும் கேட்டுக்கொண்டது பலருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் நம்மில் பலர் வியாபாரம் செய்வது வாடகைக் கடையில். பல வணிக வளாகங்களில் கட்டட உரிமையாளர் ஒரே ஓர் இணைய இணைப்பை வாங்கி மாடியில் வைத்துக்கொண்டு, வாடகையோடு சேர்த்தோ, மாதம் ஒரு தொகை தனியாக வாங்கிக்கொண்டோ எல்லாக் கடைகளுக்கும் பங்கிட்டுத் தருகிறார். இதில் தவறில்லை, சிக்கனமும் உண்டு. பில் போடும் கணினிக்கும், ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வதற்கும் அது போதும். அதே இணைப்பில் கேமராவை மாட்டும்போதுதான் சில கேள்விகள் எழுகின்றன. நம் கடையின் படம் வேறு யாருக்கெல்லாம் தெரியும்? இரவில் மாடியில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் என்ன ஆகும்? திருட்டு நடந்தால் பதிவு யார் கையில் இருக்கும்?

இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே விடை உண்டு. இணைப்பு பொதுவாக இருக்கலாம். ஆனால் பதிவு, பாதை, கடவுச்சொல் ஆகிய மூன்றும் கடைக்காரரின் கையில் இருக்க வேண்டும். கல்லாப் பெட்டியின் சாவியை எப்படி அடுத்தவரிடம் கொடுப்பதில்லையோ, அப்படியே இதுவும். அதற்கான வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பதிவு வேறு, பார்வை வேறு

கேமரா செய்யும் வேலை இரண்டு. ஒன்று, நடப்பதைப் பதிந்து வைப்பது. மற்றொன்று, நாம் வெளியூரில் இருக்கும்போதும் கைப்பேசியில் காட்டுவது. இவ்விரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதே பல தொல்லைகளுக்குக் காரணம்.

பதிவுக்கு இணையம் தேவையே இல்லை. கடைக்குள் இருக்கும் பதிவுப் பெட்டியில் ஹார்டு டிஸ்க் போட்டு வைத்தால், இணைப்பு இருந்தாலும் அறுந்தாலும் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு மட்டுமே இணையம் வேண்டும். ஆகவே பொது இணைப்பில் இருப்பவர்கள் பதிவை இணையத்தை நம்பி வைக்கக் கூடாது. இணையம் ஒரு சன்னல். பதிவுப் பெட்டிதான் பெட்டகம்.

எந்த வகை நமக்கு ஏற்றது?

கடைகளில் பொதுவாக மூன்று வகை அமைப்புகளைக் காண்கிறோம்.

முதல் வகை, கேமராவிலிருந்து கோஆக்ஸியல் கேபிள் இழுத்து டி.வி.ஆர். பெட்டியில் இணைப்பது. இதில் கேமராக்கள் இணையத்தைத் தொடுவதே இல்லை, டி.வி.ஆர். மட்டுமே தொடும். காவல் காக்க வேண்டிய வாசல் ஒன்றே ஒன்று என்பது இதன் பெரிய நன்மை. சிறு கடைக்கு இதுவே போதும்.

இரண்டாம் வகை, ஐ.பி. கேமராக்களும் என்.வி.ஆர். பெட்டியும். கணினிக்குப் போடும் நெட்வொர்க் கேபிள் வழியாகவே படமும் மின்சாரமும் செல்லும். ஒரு கேபிள் 100 மீட்டர் நீளம் வரை போகலாம். கடை ஒரு புறமும் கிடங்கு மறுபுறமும் வைத்திருப்பவர்களுக்கு இது வசதி. கேமராக்களை என்.வி.ஆர். பெட்டியின் பின்புறத் துளைகளிலேயே நேராகச் செருகும் மாதிரியை வாங்கினால், அவை பொது இணைப்பில் நேரடியாகச் சேராமல் பெட்டிக்குப் பின்னாலேயே நின்றுகொள்ளும்.

மூன்றாம் வகை, வைஃபை கேமரா. பல்பு மாட்டுவது போல மாட்டிவிடலாம், சுவரைத் துளைக்க வேண்டியதில்லை, விலையும் குறைவு. வாடகைக் கடைக்கு ஏற்றது என்று பலர் வாங்குவது இதைத்தான். இதில் மூன்று குறைகளை மனத்தில் வைக்க வேண்டும். வைஃபை தடைபட்டால் கைப்பேசியில் படம் நின்றுவிடும். பதிவு கேமராவுக்குள் இருக்கும் சிறிய மெமரி கார்டில் இருப்பதால், திருடன் கேமராவைக் கழற்றினால் சாட்சியமும் அவனோடு போய்விடும். மூன்றாவதாக, ஒவ்வொரு கேமராவும் இணையத்தில் தனித்தனி வாசலாக நிற்கும். இதைத்தான் வைக்க முடியும் என்றால், கை எட்டாத உயரத்தில் மாட்டி, தொடர் பதிவுக்கென்றே விற்கப்படும் உறுதியான கார்டைப் போட வேண்டும். பெரும்பாலான மலிவு வைஃபை கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே வேலை செய்யும். 5 கிகாஹெர்ட்ஸை விட இந்த அலை சுவரை நன்றாகக் கடக்கும் என்றாலும், இரும்பு ஷட்டரும் அடுக்கி வைத்த எண்ணெய் டின்களும் அதைத் தடுக்கும். மாட்டுவதற்கு முன் அந்த இடத்தில் கைப்பேசியை வைத்து அலை வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த வகையானாலும் சீரியல் எண் குறித்த ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள். 2024 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட ஆணையின்படி, 2025 ஏப்ரல் முதல் இந்தியச் சந்தைக்கு வரும் கண்காணிப்புக் கேமராக்கள் இணையப் பாதுகாப்புச் சோதனையில் தேறிச் சான்று பெற வேண்டும். பெட்டியின் மேல் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நமக்கே காப்பு.

ஒரு சிறு கணக்கு

வியாபாரிக்குக் கணக்கைக் காட்டினால்தான் மனம் ஒப்பும். எனவே ஒரு கணக்குப் போடுவோம்.

இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்றை எச்.265 முறையில் வினாடிக்கு 2 மெகாபிட் என்று அமைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே வினாடிக்கு 2,50,000 பைட். நாள் ஒன்றுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் 2,160 கோடி பைட், அதாவது 21.6 ஜி.பி. நான்கு கேமராவுக்கு நாளொன்றுக்கு 86.4 ஜி.பி. எனவே,

1 டி.பி. ஹார்டு டிஸ்கில் சுமார் 11 நாள் பதிவு நிற்கும்.
2 டி.பி. ஹார்டு டிஸ்கில் சுமார் 23 நாள் பதிவு நிற்கும்.

அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும்படி அமைத்தால் இந்த நாட்கள் கூடும். டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவு அழிந்து அதன் மேல் புதியது ஏறும். சரக்கு குறைவதை மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும்போதுதான் கண்டுபிடிக்கிறோம் என்றால், 11 நாள் பதிவு போதாது. இருப்பு எடுக்கும் இடைவெளியை விடப் பதிவு நிற்கும் நாட்கள் அதிகமாக இருக்க வேண்டும். ஹார்டு டிஸ்க் வாங்குவதற்கு இதுவே அளவுகோல்.

இனி அதே படத்தை இரவும் பகலும் இணையத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஒரு கேமராவுக்கு மாதம் 648 ஜி.பி. நான்கு கேமராவுக்கு 2,592 ஜி.பி. அதே கட்டடத்தில் நான்கு கடைக்காரர்கள் ஆளுக்கு நான்கு கேமராவை இப்படி ஓட்டினால், மொத்தம் வினாடிக்கு 32 மெகாபிட் எந்நேரமும் மேலே போய்க்கொண்டிருக்கும். உரிமையாளர் எடுத்திருப்பது 40 மெகாபிட் திட்டம் என்றால் மீதி எட்டுதான். ஜி.எஸ்.டி. தாக்கல் நாளில் எல்லாக் கடையிலும் கணினி சுற்றிக்கொண்டே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மாத அளவுக்கு வரம்புள்ள திட்டமானால் அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பதிவைக் கடைக்குள் வைத்துக்கொண்டு, வேண்டும்போது மட்டும் கைப்பேசியில் பார்ப்பவருக்கு இந்தச் செலவு இல்லை. பெரும்பாலான பதிவுப் பெட்டிகள் தெளிவான படம் ஒன்று, கைப்பேசிக்கான சிறிய படம் ஒன்று என இரண்டு படங்களைத் தரும். சிறிய படத்தை அரை மெகாபிட் என்று அமைத்தால், ஒரு மணி நேரம் பார்க்க 225 எம்.பி. மட்டுமே ஆகும். பொது இணைப்பில் இருப்பவர் அண்டை கடைக்காரருக்குச் செய்யும் மரியாதையும் இதுவே.

பொது இணைப்பில் என்ன ஆபத்து?

ஒரே ரவுட்டரில் சேர்ந்திருக்கும் எல்லாக் கருவிகளும், தடுத்து வைக்கப்படாத வரை, ஒன்றையொன்று எட்ட முடியும். அதாவது பக்கத்துக் கடைப் பையன் தன் கைப்பேசியிலோ கணினியிலோ தேடினால் நம் டி.வி.ஆர். பெட்டியின் முகப்பு அவனுக்குத் தெரியலாம். பெட்டி வந்தபோது இருந்த கடவுச்சொல்லையே நாம் வைத்திருந்தால், உள்ளே நுழைவது அவனுக்கு ஒரு நிமிட வேலை. அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. அவன் கைப்பேசியில் புகுந்த ஒரு கெட்ட நிரலே போதும்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2016-இல் 'மிராய்' என்ற தீய நிரல், தொழிற்சாலையில் வைத்த பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாத கேமராக்கள், பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள் ஆகியவற்றுக்குள் உலகெங்கும் புகுந்தது. அதனிடம் இருந்தது அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் பட்டியல் மட்டுமே. அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று நடந்த தாக்குதலில், அமெரிக்காவில் டுவிட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. கருவியின் சொந்தக்காரர்களுக்கோ தங்கள் கேமரா இந்த வேலையைச் செய்தது தெரியவே தெரியாது. நம் நாட்டிலும் 2025 பிப்ரவரியில், குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தது பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. பாதுகாப்புக்காக வைத்த கண்ணே பெண்களின் மானத்துக்குப் பகையாயிற்று.

நம் கடையில் எண்ணும் பணம், பெட்டகம் இருக்கும் இடம், எந்த நேரத்தில் கடையில் ஆள் இல்லை என்ற விவரம், கொள்முதல் சீட்டு ஆகிய எல்லாமே கேமராவில் தெரியும். அது அடுத்தவர் கைக்குப் போனால் திருடனுக்கு நாமே வரைபடம் போட்டுக் கொடுத்தது போலாகும்.

பாதை: சொந்த ரவுட்டர்

இதற்குத் தீர்வு எளிது. நம் கடைக்கென்று சிறிய ரவுட்டர் ஒன்றைத் தனியே வாங்கி, பொது இணைப்புக்கும் நம் கருவிகளுக்கும் நடுவே வைக்க வேண்டும். வளாகத்தின் வாசல் பொதுவாக இருந்தாலும் நம் கடைக்குத் தனி ஷட்டர் வைத்திருப்பது போன்றது இது. செய்முறை வருமாறு:

1. உரிமையாளரின் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை, நம் ரவுட்டரில் 'டபிள்யு.ஏ.என்.' என்று குறித்துள்ள துளையில் செருகவும். இந்தத் துளை பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். மற்றத் துளைகளில் செருகினால் நம் கருவிகளும் பொதுக் கருவிகளும் ஒன்றாகக் கலந்துவிடும்.

2. பதிவுப் பெட்டியையும் பில் கணினியையும் நம் ரவுட்டரின் 'எல்.ஏ.என்.' துளைகளில் இணைக்கவும்.

3. உரிமையாளரின் ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத் தந்தால், நம்முடையதை 192.168.50 என்பது போல வேறாக மாற்றவும். இரண்டும் ஒன்றாக இருந்தால் இணைப்பு தடுமாறும்.

4. நம் வைஃபைக்குக் கடைப் பெயர் தெரியாத வேறு பெயரும், நீண்ட கடவுச்சொல்லும் வைக்கவும். பூட்டு முறையில் டபிள்யு.பி.ஏ.2 அல்லது டபிள்யு.பி.ஏ.3 என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

5. 'யு.பி.என்.பி.', 'டபிள்யு.பி.எஸ்.' என்ற இரண்டு வசதிகளையும் நிறுத்திவிடவும். முன்னது நம்மைக் கேட்காமலே வெளியிலிருந்து உள்ளே வழி திறந்துவிடும். பின்னது கடவுச்சொல் இல்லாமல் சேர இடம் தரும்.

6. சில மெக்கானிக்குகள் 'போர்ட் ஃபார்வேர்டிங்' போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். வேண்டாம். அது தெருவிலிருந்து நேராகக் கல்லாவுக்குக் கதவு வைப்பது போன்றது. பொது இணைப்பில் அது பெரும்பாலும் வேலை செய்வதும் இல்லை. கேமரா நிறுவனத்தின் செயலி, உள்ளிருந்து வெளியே போகும் பாதையையே பயன்படுத்துவதால், இது இல்லாமலே கைப்பேசியில் படம் வரும்.

கேபிள் இழுக்க வழியில்லாத இடத்தில், பொது வைஃபையை வாங்கித் தனி வலையாக மாற்றித் தரும் ரவுட்டர்கள் கிடைக்கின்றன. கடையில் கேட்கும்போது 'ரிப்பீட்டர்' என்று கேட்டுவிடக் கூடாது. ரிப்பீட்டர் பொது வலையை நீட்டித் தருமே தவிரப் பிரித்துத் தராது.

இன்னொன்று: நம் ரவுட்டரிலிருந்து பக்கத்துக் கடைக்குக் கேபிள் கொடுத்து உதவக் கூடாது. முன்னால் இருப்பவர் நம் ரவுட்டரைத் தாண்டி உள்ளே வர முடியாது. பின்னால் இருப்பவரோ நம் வலைக்குள்ளேயே இருப்பவர் ஆகிறார்.

சொந்த ரவுட்டர் வைத்த பிறகும் இரண்டு விஷயங்கள் உரிமையாளர் கையில்தான் இருக்கும். நாம் எவ்வளவு இணையம் செலவிடுகிறோம் என்பதை அவர் பார்க்க முடியும். இணைப்பை நிறுத்தவும் முடியும். ஆனால் செயலியில் படத்தை மறையாக்கம் செய்யும் வசதியை இயக்கி வைத்திருந்தால், படத்தைப் பார்க்க முடியாது.

கடவுச்சொல்லும் கணக்கும்

பெட்டியை முதலில் இயக்கியதும், பாஸ்வேர்டு எனும் கடவுச்சொல்லை மாற்றுவதே முதல் வேலை. கடைப் பெயர், கைப்பேசி எண், 1234 இவை ஆகா. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை எண்ணோடு சேர்த்தால் நினைவிலும் நிற்கும், பிறரால் ஊகிக்கவும் இயலாது. ரவுட்டருக்கு ஒன்று, பதிவுப் பெட்டிக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று என்று வேறு வேறாக வைக்க வேண்டும். மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பீரோவில் கடைப் பத்திரத்தோடு வைத்துவிடலாம்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. கேமரா மாட்ட வருபவர் அவசரத்தில் தம்முடைய கைப்பேசி எண்ணிலேயே செயலிக் கணக்கைத் தொடங்கி, நமக்குப் 'பகிர்ந்து' விட்டுப் போவது உண்டு. அப்படியானால் கணக்கின் உரிமையாளர் அவரே. நாம் வெறும் பார்வையாளர். அவர் மாட்டிய எல்லாக் கடைகளின் படமும் அவர் கைப்பேசியில் இருக்கும். எனவே கணக்கைக் கடை முதலாளியின் எண்ணிலும் மின்னஞ்சலிலும் மட்டுமே தொடங்கச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து அவர் போன பின் எல்லாக் கடவுச்சொற்களையும் மறுபடி மாற்றிவிட வேண்டும். கணக்குப்பிள்ளைக்கோ பிள்ளைகளுக்கோ பார்க்கும் உரிமை கொடுக்கலாம். அழிக்கும் உரிமை கொடுக்க வேண்டியதில்லை. ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்றே அவர் உரிமையை நீக்க வேண்டும்.

மின்சாரம்

உரிமையாளர் இரவு ஒன்பது மணிக்குப் பொது மெயினை அணைப்பவராக இருக்கலாம். மழைக்காலத்தில் மின்தடையும் வரும். பதிவுப் பெட்டி, கேமராக்களின் அடாப்டர், நம் ரவுட்டர் மூன்றும் கடையின் சொந்த மீட்டரிலிருந்து, ஒரு சிறிய யு.பி.எஸ். வழியாகச் செல்ல வேண்டும். அப்போது மாடியில் இணையம் நின்றாலும் கடையில் பதிவு நிற்காது. இரவில் கைப்பேசியில் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள், சிம் கார்டு போடும் சிறிய ரவுட்டர் ஒன்றை மாற்று ஏற்பாடாக வைக்கலாம். சிறிய படத்தைப் பார்க்க அதுவே போதும்.

பதிவுப் பெட்டியைக் கல்லாவுக்குக் கீழே வைப்பது வழக்கம். திருடனும் முதலில் அங்கேதான் கை வைப்பான். காற்றோட்டமுள்ள ஓர் இரும்புக் கூண்டில், பரணிலோ உள் அறையிலோ பூட்டி வையுங்கள். மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் இடத்தில் வைக்க வேண்டாம்.

உரிமையாளரிடம் எழுத்தில் இசைவு

வாயால் கேட்டு வாங்கிய அனுமதி, மனம் கசந்த நாளில் காணாமற்போகும். சுவரைத் துளைக்கவும், பொது வழியில் கேபிள் இழுக்கவும் எழுத்தில் இசைவு பெறுவது இருவருக்கும் நல்லது. மாதிரிக் கடிதம் ஒன்று:

'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கட்டடத்தில் நான் வாடகைக்கு இருக்கும் ...... எண் கடையின் பாதுகாப்புக்காகக் கேமராக்கள் ...... அமைக்க விரும்புகிறேன். கேமராக்கள் என் கடையின் உட்புறத்தையும் வாசலையும் மட்டுமே காணும். தங்கள் பொது இணைய இணைப்பில் என் சொந்த ரவுட்டர் ஒன்றை இணைத்துக்கொள்வேன். அதற்கு மாதம் ரூ. ...... தருகிறேன். பதிவும் கடவுச்சொல்லும் என் பொறுப்பில் இருக்கும். இணைப்பை மாற்றவோ நிறுத்தவோ நேர்ந்தால் ...... நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டுகிறேன். கடையைக் காலி செய்யும்போது கருவிகளைக் கழற்றிக்கொண்டு, சுவரைச் சீர் செய்து ஒப்படைப்பேன். இப்படிக்கு, ......'

இதன் நகலில் அவர் கையொப்பம் பெற்று வாடகை ஒப்பந்தத்தோடு வைக்கவும். இணையத் திட்டம் வணிகப் பயன்பாட்டுக்கும் பங்கிட்டுத் தருவதற்கும் இடம் தருகிறதா என்பதையும் அவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது முறை.

அண்டை வீட்டார் உரிமையும் சட்டமும்

நம் கடையைக் காப்பது நம் உரிமை. ஆனால் பிறருடைய வாழ்க்கையை எட்டிப் பார்ப்பது உரிமையாகாது. கேமராவைத் திருப்பும்போது எதிர்க்கடைக் கல்லா, மாடிக் குடியிருப்பின் படிக்கட்டு, வீட்டு வாசல் ஆகியவை படத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ளவும். விழுந்தே தீரும் என்றால், அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. கழிப்பறை, பணிப்பெண்கள் உடை மாற்றும் அறை ஆகியவற்றில் கேமரா கூடவே கூடாது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படமெடுப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

ஒரே வீட்டில் பங்காளிகளாகக் குடியிருந்தோர் வழக்கொன்றில், உடன் வசிப்பவரின் இசைவின்றி வீட்டின் உட்பகுதியில் கேமரா இயக்கக் கூடாது என்று 2025-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. அது வீட்டைப் பற்றிய தீர்ப்பு. ஆயினும் பகிர்ந்து வாழும் கட்டடத்தில் கேமரா வைக்கும் எவருக்கும் அது ஓர் எச்சரிக்கை.

'இங்கு கண்காணிப்புக் கேமரா இயங்குகிறது' என்று வாசலில் எழுதி வையுங்கள். வேலையாட்களிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லி வைத்த கேமரா திருட்டைத் தடுக்கும். சொல்லாமல் வைத்த கேமரா மனக்கசப்பை வளர்க்கும்.

திருட்டு நடந்துவிட்டால்

முதலில் பதிவுப் பெட்டியை யாரும் தொடாதபடி செய்யவும். சம்பவத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் சேர்த்து, பென் டிரைவில் நகல் எடுக்கவும். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும் என்பதால் தாமதம் கூடாது. பெட்டியின் கடிகாரத்தையும் கைப்பேசிக் கடிகாரத்தையும் ஒரே படத்தில் பிடித்து வைக்கவும். இணையம் நின்றிருந்த நாட்களில் பெட்டியின் நேரம் சில நிமிடம் விலகியிருக்கக் கூடும்.

2024 ஜூலை 1 முதல், 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாட்சிய அதினியம், 2023 நடைமுறையில் உள்ளது. பதிவின் நகலை நீதிமன்றம் ஏற்க, அதன் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதிகள். முதற்பகுதியைக் கருவியின் பொறுப்பில் உள்ளவர் தரப்பிலும், இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். 'ஹாஷ்' என்னும் இலக்க முத்திரையையும் குறிக்க வேண்டும். இதில் காவல் துறையினர் வழிகாட்டுவார்கள்.

தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இங்கேதான் முழுமையாக விளங்கும். பெட்டியும் கணக்கும் நம் பெயரில் இருந்தால், 'இது என் பொறுப்பில் ஒழுங்காக இயங்கிய கருவி' என்று நாமே கையொப்பமிடலாம். பதிவு உரிமையாளரின் மாடியிலோ மெக்கானிக்கின் கணக்கிலோ இருந்தால், நம் சரக்குக்கு நாம் அடுத்தவர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

கடை மாறும்போது

கருவிகளைக் கழற்றுவதற்கு முன் செயலிக் கணக்கிலிருந்து அவற்றை நீக்கவும். பெட்டியை விற்பதானால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிக் கொடுக்கவும். பழைய பெட்டி வாங்குபவரும் முந்தையவர் கணக்கு நீங்கிவிட்டதா என்று கடையிலேயே சரிபார்த்து வாங்க வேண்டும்.

மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

1. எல்லாக் கேமராவிலும் படம் தெளிவாக உள்ளதா? லென்சில் தூசும் சிலந்தி வலையும் உண்டா?
2. பத்து நாள் முந்தைய பதிவைத் திறந்தால் ஓடுகிறதா?
3. நாளும் நேரமும் சரியா?
4. இணைப்பைக் கழற்றி வைத்தாலும் பதிவு ஓடுகிறதா?
5. கணக்கில் நமக்குத் தெரியாத எவரேனும் சேர்ந்துள்ளனரா?
6. ரவுட்டருக்கும் பெட்டிக்கும் நிறுவனம் தந்த புதிய மென்பொருள் ஏற்றப்பட்டுள்ளதா?

மாதத்தில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும். தராசை முத்திரையிட்டு வைப்பது போல, கேமராவையும் சரிபார்த்து வைப்பது வியாபார ஒழுக்கத்தில் ஒன்று. வளாகத்தில் உள்ள கடைக்காரர்கள் ஒன்று கூடிப் பேசி, ஒவ்வொருவரும் சொந்த ரவுட்டர், சொந்தப் பதிவு என்று முடிவெடுத்தால் எல்லோருக்கும் பாதுகாப்பு. இணைய வேகமும் மிஞ்சும்.

இணைப்பு பொது, பொறுப்பு நமது. இதை மறவாமல் செயல்பட்டு, வணிகர்கள் அனைவரும் அச்சமின்றி வியாபாரம் செய்து சிறக்க வாழ்த்துகிறோம்.